மங்கல் சுற்றறிக்கை

குடிநீர் அலுவலகத்தில் தண்ணீரைத் தவிர மற்றதெல்லாம் ஒழுங்காக வந்துகொண்டிருந்த காலத்தில், மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. இனி எந்த வேலை முடிந்தாலும் அதைப் படம் எடுத்து, அந்தப் படத்தை ‘உரிய முறையில் மெருகேற்றி’ அனுப்ப வேண்டும். அதற்காக ஊழியர்கள் அனைவரும் படம் திருத்தும் மென்பொருளைக் கற்றுக்கொள்ள வேண்டும். வேலை முடியாவிட்டால் என்ன அனுப்புவது என்று அதில் இல்லை. அது பெரிய குறையாக அப்போது யாருக்கும் படவில்லை.

பயிற்சி கொடுக்க ஒருவர் மடிக்கணினியோடு வந்தார். படத்தின் ஓரத்தை வெட்டுவதற்கு கிராப் என்று பெயர் என்று ஆரம்பித்தார். தலைமை எழுத்தர் உடனே எழுந்துவிட்டார். கிராப் என்றால் பயிர், அது வேளாண்மைத் துறையின் வரம்புக்குள் வருவது, அவர்களிடம் தடையில்லாச் சான்று வாங்காமல் நாம் தொட்டால் நாளைக்குத் தணிக்கையில் மாட்டிக்கொள்வோம் என்றார். கிராப் கோப்பு அப்படியே வேளாண்மைத் துறைக்குப் போய்விட்டது. ஃபில்டரை சந்தேகமே இல்லாமல் வடிகட்டிப் பிரிவு எடுத்துக்கொண்டது. பிரஷ் துப்புரவுப் பிரிவுக்கு. அடுத்தது ‘குளோன் ஸ்டாம்ப்’ என்று பயிற்சியாளர் சொன்னதும், எல்லாத் தலைகளும் ஒரே மூலைக்குத் திரும்பின.

அந்த மூலையில்தான் முத்திரை உட்கார்ந்திருந்தார். வருகிற காகிதத்துக்கெல்லாம் ரப்பர் ஸ்டாம்ப் குத்துகிற எழுத்தர் என்பதால் அவருக்கு அந்தப் பெயர் வந்தது. சொந்தப் பெயர் சம்பளப் பட்டியலில் மட்டும் இருந்தது. ஸ்டாம்ப் என்று வந்துவிட்டால் அது அவர் மேஜைக்குத்தான் போக வேண்டும் என்பது அந்த அலுவலகத்தின் தர்மம். அவரும் மறுக்கவில்லை, தன் மை அட்டையை மட்டும் பத்திரமாக இழுப்பறையில் வைத்துக்கொண்டார்.

மறுக்காததற்கு ஒரு காரணம் இருந்தது. ஆண்டறிக்கையில் வருஷா வருஷம் ஊழியர்களின் குழுப்படம் வரும். அவர் மனைவி கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, அதில் இவரைத் தேடுவாள். போன தடவை தலைமை எழுத்தரின் காதுக்குப் பின்னால் பளபளவென்று எதையோ பார்த்துவிட்டு, “இது உங்க நெத்திதானே?” என்று ஆசையாகக் கேட்டாள். அது ஜன்னல் கண்ணாடி. இவர் ஆமாம் என்று சொல்லிவிட்டார். இத்தனை வருஷம் உழைத்தும் பெண்டாட்டிக்குக் காட்ட ஒரு முகம் இல்லையே என்று அன்றைக்கு அவருக்கு உறைத்தது. படம் திருத்துகிற கை நம்முடையதாக இருந்தால் நம் மூஞ்சியும் ஒரு நாள் தெரியாமலா போகும் என்று நினைத்துக்கொண்டார்.

ஆகவே அக்கறையாகக் கற்றுக்கொண்டார். குளோன் ஸ்டாம்ப் என்பது ஒன்றுமில்லை, ஓரிடத்தில் இருப்பதை எடுத்து இன்னோரிடத்தில் குத்துவது. வீட்டுக் குடும்பப் படத்தில் பழகிப் பார்த்தபோது, கை தவறி மச்சான் மேல் வாசல் கதவைக் குத்திவிட்டார். கதவு மச்சானைவிட லட்சணமாகத்தான் இருந்தது. ஆனால் மனைவி அதற்காக இரண்டு வேளை பேசவில்லை. வடிகட்டிப் பிரிவும் சும்மா இல்லை. அவர்கள் ஃபில்டரைக் கற்றுக்கொண்ட பிறகு கலங்கல் தண்ணீர் என்ற பேச்சே எழவில்லை. எல்லாப் படத்திலும் தண்ணீர் நீலமாக இருந்தது.

இந்த நேரத்தில் தையற்கடைத் தெருவின் மேல்நிலைத் தொட்டிக்குத் திறப்பு விழா தேதி வந்தது. தேதிதான் வந்ததே தவிர, தொட்டி வரவில்லை. அதிகாரி கலங்குகிற ஆள் இல்லை. ஊழியர்களை அழைத்துக்கொண்டு போய்க் காலி மனையில் நின்று, எல்லாரையும் அண்ணாந்து ஆகாயத்தைப் பார்க்கச் சொல்லிப் படம் எடுத்துக்கொண்டு வந்தார். இவர்கள் எதைப் பார்க்கிறார்கள் என்று தெருக்காரர்களும் பின்னால் குடத்தோடு நின்று அண்ணாந்து பார்த்தார்கள்.

முத்திரை எங்கிருந்தோ ஒரு நல்ல தொட்டியாகப் பார்த்து எடுத்து, ஆகாயத்தில் குத்தினார். பயிற்சியாளர் சொன்னபடி அதற்கு நிழலும் போட்டார். அதிகாரி படத்தைப் பார்த்து மெய்ம்மறந்து போனார். பிறகு முகம் சுருங்கியது.

“தொட்டி பிரமாதம்யா. ஆனா எல்லாரும் ஒரே மாதிரி தெளிவா இருக்கோமே. நானும் தெளிவு, நீயும் தெளிவுன்னா அப்புறம் நிர்வாகம்னு ஒண்ணு எதுக்கு?”

மறுநாளே மங்கல் சுற்றறிக்கை வெளியானது. மென்பொருளில் மங்கலைக் கூட்டிக் குறைக்க ஒரு பட்டை உண்டு, அதைப் பதவிவாரியாக நிர்ணயித்துவிட்டார்கள். அதிகாரி முழுத் தெளிவு. தலைமை எழுத்தருக்கு மூக்குக் கண்ணாடி இருப்பது தெரிய வேண்டும், பவர் தெரியக்கூடாது. எழுத்தர்கள் ஆணா பெண்ணா என்கிற அளவுக்கு. பொதுமக்கள், ‘இருக்கிறார்கள் என்று தெரிந்தால் போதுமானது.’

அன்றிலிருந்து முத்திரையின் மேஜைக்கு மவுசு கூடியது. தலைமை எழுத்தரே டீயைக் கையில் ஏந்திக்கொண்டு வந்து, மீசையை மட்டும் கொஞ்சம் எடுத்துக் காட்ட வழியுண்டா என்று விசாரித்தார். முத்திரை ஊரார் மீசைக்கெல்லாம் வழி பார்த்தார். கடைசியில் பட்டையைத் தன் முகத்தின் மேல் தானே நகர்த்தினார். கண் போனது, வாய் போனது, ஆண் என்கிற அளவு மட்டும் மிச்சம் இருந்தது. வீட்டுக்குப் போய் என்ன சொல்வது என்று யோசித்தார்.

தெளிவு வேண்டுமானால் பதவி உயர்வு வேண்டும். அதற்கு விண்ணப்பித்தார். பணியில் இருப்பதற்கு ஆதாரமாக முகம் தெளிவாகத் தெரியும் அலுவலகப் படம் இணைக்கப்படவில்லை என்று விண்ணப்பம் திரும்பி வந்தது. அவர் அதிகாரியிடம் போய், உயர்வு வந்தால்தானே சார் தெளிவாக முடியும் என்று பணிவாகக் கேட்டார். அதிகாரி, அதனால்தான் தெளிவானவர்களுக்கு மட்டும் கொடுக்கிறோம் என்று அன்பாக விளக்கினார்.

இப்படி இருக்கையில், ஒரு நாள் தையற்கடைத் தெருவிலிருந்து தையல்கார அம்மா வந்து நின்றாள். கழுத்தில் அளவு நாடா, இடுப்பில் காலிக் குடம். பத்திரிகையில் வந்த படத்தை மேஜைமேல் விரித்தாள்.

“சார், இந்தத் தொட்டி எங்க தெருவுல எந்தப் பக்கம் இருக்கு? நானும் தேடிட்டேன்.”

முத்திரைக்கு முகம் சுண்டிவிட்டது. எங்கேயோ இருக்கும்மா என்று முனகிவிட்டு, ரப்பர் ஸ்டாம்பைத் தேடுவது போல் குனிந்துகொண்டார். அவள் இவரிடம் மல்லுக்கு நிற்கவில்லை. நேராக மேலிடத்துக்கு எழுதிப் போட்டுவிட்டாள்.

மேலிடம் சும்மா இருக்குமா? தொட்டி இருக்கிறதா இல்லையா என்ற கேள்விக்கே அவர்கள் போகவில்லை, அதுதான் படத்தில் இருக்கிறதே. தண்ணீர் ஏன் வரவில்லை என்பதுதான் கேள்வி. புதிதாக ஒரு படம் அனுப்ப வேண்டும், அதில் தெளிவாகத் தெரிபவர் எவரோ அவரே பொறுப்பாளி, அவரிடமே விளக்கம் கேட்கப்படும் என்று கடிதம் வந்தது.

அன்று மாலை அதிகாரி முத்திரையை உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அந்த அறையில் முத்திரை உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

“எத்தனை நாளைக்குத்தான் நீங்க பின்னாடியே நிக்கிறது? இந்தத் தடவை நீங்கதான் நடுவுல. உங்க முகம் பளிச்சுனு இருக்கட்டும். என்னைக் கொஞ்சம் மங்கலாப் போட்டுடுங்க, நான் அடக்கமா இருந்துக்கறேன்.”

முத்திரை மேஜைக்கு வந்து தன் முகத்தின் மேலிருந்த மங்கலை எடுத்தார். திரையில் அவர் பளிச்சென்று சிரித்தார். இவ்வளவு நல்லாவா இருக்கோம் என்று அவருக்கே கண் கலங்கியது. மனைவியிடம் இதைக் காட்டினால் என்ன சொல்வாள் என்று நினைத்தார். விளக்கம் கேட்டு வரும் கடிதத்தையும் அவளிடம் காட்ட வேண்டுமே என்றும் நினைத்தார். ஆசையாகத்தான் இருந்தது. ஆனாலும் மனசைக் கல்லாக்கிக்கொண்டு, பட்டையைத் திரும்பவும் நகர்த்தினார். அதிகாரியும் மங்கல், தலைமை எழுத்தரும் மங்கல், தானும் மங்கல். தொட்டியை மட்டும் விட்டுவிட்டார். தொட்டிக்கு என்ன பதவி என்று சுற்றறிக்கையில் இல்லை, விதியில் இல்லாததைச் செய்து அவருக்குப் பழக்கமும் இல்லை.

மேலிடம் படத்தைப் பரிசீலித்தது. தெளிவாக இருந்தது தொட்டி ஒன்றுதான். தண்ணீர் வழங்கத் தவறியதற்கு ஏன் நடவடிக்கை எடுக்கக்கூடாது என்று தொட்டிக்குக் குறிப்பாணை போனது. தொட்டி உரிய காலத்தில் பதில் அளிக்கவில்லை. நினைவூட்டலுக்கும் அசையவில்லை. இந்த அலட்சியப் போக்கைக் கடுமையாகக் கருதி, தொட்டியைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள். தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவருக்குப் பாதிச் சம்பளம் உண்டு என்பது விதி, ஆகவே விசாரணை முடியும்வரை அந்தத் தெருவுக்குப் பாதித் தண்ணீர் என்று உத்தரவானது. ஒன்றுமே வராத இடத்தில் பாதியாவது வரப்போகிறதே என்று தெருக்காரர்கள் ஒருவருக்கொருவர் வாழ்த்துச் சொல்லிக்கொண்டு, அதையும் செல்ஃபி எடுத்தார்கள். கன்னம் மினுமினுக்கிற ஃபில்டர் அவர்கள் கைபேசியிலும் இருந்தது.

தொட்டி பணிநீக்கம் ஆனதும் அந்த இடம் காலியாகிவிட்டது. காலியிடத்தை யாராவது கூடுதலாகக் கவனித்துக்கொள்ள வேண்டும் அல்லவா? தொட்டி யாருடைய மேஜையில் உருவானது என்று கோப்பைப் புரட்டினார்கள். முத்திரைக்கு உத்தரவு வந்தது, பதவி உயர்வோடு. பதவியின் பெயர்: ‘தொட்டி (பொறுப்பு)’. விதிப்படி முழுத் தெளிவுடன் அவர் படம் பத்திரிகையில் வெளியாயிற்று.

மனைவிக்குத் தலைகால் புரியவில்லை. படத்தைச் சட்டம் போட்டுக் கூடத்தில் மாட்டினாள். மச்சானே வந்து பார்த்துவிட்டு, முகக்களை இருக்கிறது என்று ஒப்புக்கொண்டார். முத்திரை அன்று நிமிர்ந்த நெஞ்சோடு அலுவலகத்துக்கு வந்து, புது நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்தார்.

வாசலிலிருந்து அவர் மேஜை வரை வரிசையாகக் குடங்கள் இருந்தன. முதல் குடத்துக்குப் பின்னால் தையல்கார அம்மா பத்திரிகையோடு நின்றாள். படத்தைப் பார்த்தாள், அவர் முகத்தைப் பார்த்தாள். இரண்டும் அச்சாக ஒன்றாக இருந்ததில் அவளுக்குத் திருப்தி.

“நீங்கதானே சார் தொட்டி?”

“ஆமாம்மா, பொறுப்பு.”

அவள் குடத்தை அவர் முழங்கைக்கு நேராக நகர்த்தி வைத்தாள்.

“சரி, தொறந்து விடுங்க.”