துப்பாக்கிக்கு அளவெடுத்த கதை

மாமனாரின் ரிவால்வரைத் தன் பெயருக்கு மாற்றியே தீருவது என்று கிருஷ்ணமணி முடிவு செய்துவிட்டார். குலசேகரத்துக்குப் பக்கத்தில் இரண்டு ஏக்கர் ரப்பர் வைத்திருக்கும் மனிதருக்குத் துப்பாக்கி எதற்கு என்று கேட்கக்கூடாது. அடுத்த வீட்டு ஜெயசிங் துபாயிலிருந்து வந்து பஸ் நீளத்துக்கு ஒரு கார் வாங்கி நிறுத்தியதிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. "காரு ஆருக்கும் கிடைக்கும். துப்பாக்கி லைசென்ஸ் கிடைக்குமா? எனக்குக் கிடைக்கப் போவுது" என்று மதில் வழியாகச் சொல்லியும் விட்டார். இனிப் பின்வாங்கினால் மானம் போய்விடும்.

கூடவே இருக்கும் மாமனார் சுயம்புவுக்கு எண்பத்து மூன்று வயது. கை நடுக்கம். "குடும்பத்தில ஆருக்காவது மாத்திக் குடுத்திருவோம்" என்று அவரே சொன்னார். ஒரே மகள் ஓமனா. அவளுக்கு ஒரே புருஷன். அப்புறம் ஆருக்காவது என்றால் யார்?

விண்ணப்பத்தில் ஒரே ஒரு கட்டம்தான் கழுத்தை அறுத்தது. 'குழலின் நீளம்.' பழைய லைசென்ஸ் புத்தகத்தைப் பார்த்து எழுதலாம் என்றால், சரியாக அந்த எண்ணை மட்டும் கரையான் தின்றிருந்தது. மற்ற பக்கமெல்லாம் அதற்கு ருசிக்கவில்லை போலிருக்கிறது.

குண்டு இல்லை என்று நாலு முறை பார்த்துவிட்டு, கிருஷ்ணமணி துப்பாக்கியை மேசையில் கிடத்தினார். குண்டு வெளிவரும் வாயிலிருந்து பிடி வரைக்கும் ஸ்கேலை வைத்தார். ஒன்பது அங்குலம். இரண்டு பஸ் மாறி நாகர்கோவில் கலெக்டர் ஆபீசுக்குப் போனார். கிளார்க் ஜாஸ்பர் ரிஜிஸ்டரைத் திறந்தார், மூடினார்.

"அளவு ஒத்துப்போவல்ல."

"ரிஜிஸ்டர்ல எவ்வளவு இருக்கு சார்?"

"நான் சொல்லப்பிடாது. நீங்க அளந்து எழுதணும், நான் ஒத்துப் பாக்கணும்."

"கூடுதலா குறைவா, அதையாவது சொல்லுங்க."

"இது ஏலம் இல்ல."

அடுத்த வாரம் குண்டு போடும் உருளையையும் சேர்த்து அளந்தார். ஐந்தரை. மறுபடி இரண்டு பஸ். ஜாஸ்பர் தலையை ஆட்டினார். "இன்னொரு தடவ தப்பா வந்தா, இது வேற துப்பாக்கியோன்னு ஸ்டேஷனுக்கு எழுத வேண்டி வரும்."

கிருஷ்ணமணி வியர்த்துக் கொட்டி வீடு வந்தார். ஓமனா கழுத்தில் டேப்போடு யாருக்கோ ரவிக்கை வெட்டிக்கொண்டிருந்தாள். அலமாரியிலிருந்து துப்பாக்கியை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

"ஏட்டி, இது துப்பாக்கியா சனியனா? ஒரு சாண் இரும்பு. மூணு வாரமா உயிர எடுக்குது."

"எங்கேருந்து எங்க வரைக்கும் அளந்திய?"

"வாயிலருந்து. இந்த உருளையும் சேத்து."

"உருளை எதுக்கு? ரவிக்கைக்குக் கை நீளம் எடுக்கணும்னா கழுத்திலருந்தா எடுப்பேன்? தோள் வேற, கை வேற. இந்த உருளை சுத்துமா?"

"சுத்தும்."

"குழல் சுத்துமா?"

"சுத்தாது."

"அப்போ ரெண்டும் ஒண்ணா? உருளைக்கு முன்னால ஒரு சின்ன இடைவெளி தெரியுதுல்லா, அங்கன குழல் முடிஞ்சு போச்சு." டேப்பை வைத்தாள். "நாலு அங்குலம்."

கட்டிலில் இருந்து சுயம்பு சொன்னார். "நாலுதான். வாங்கின நாள்லருந்தே நாலு."

கிருஷ்ணமணி கட்டில் பக்கம் திரும்பினார். "மாமா, இத முன்னாலயே சொல்லப்பிடாதா?"

"நீங்க கேக்கல்லியே மாப்ளே."

கிருஷ்ணமணி காகிதக் கட்டை ஓமனாவின் மடியில் போட்டார். "இனி எல்லாத்தையும் நீயே எழுது. நான் எங்க கையெழுத்துப் போடணும்னு மட்டும் காட்டு."

புது விண்ணப்பம் வாங்கி வந்து ஓமனா உட்கார்ந்து எழுதினாள். கடைசித் தாளை நீட்டினாள். "வாசிச்சிட்டுப் போடுங்க."

"வாசிச்சு வாசிச்சு என் கண்ணு அவிஞ்சு போச்சு." கலெக்டர் போல வளைத்து ஒரு கையெழுத்துப் போட்டார்.

இந்த முறை ஜாஸ்பர் ரிஜிஸ்டரோடு ஒத்துப் பார்த்து, முத்திரை குத்தி வாங்கிக்கொண்டார். பிறகு வீட்டுக்கு விசாரணைக்கு வந்த போலீஸ்காரர் ஓமனாவிடம்தான் நெடுநேரம் பேசினார். குடும்பம் எப்படி என்று பெண்பிள்ளையிடம் கேட்பதுதானே முறை என்று நினைத்து கிருஷ்ணமணி அவருக்கு இரண்டாவது முறையும் டீ கொண்டுவந்து கொடுத்தார்.

ஒரு நாள் தபாலில் லைசென்ஸ் வந்தது. கிருஷ்ணமணி வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு, மதிலோரம் ஜெயசிங்கைக் கூப்பிட்டு நிறுத்திவிட்டு, உறையைப் பிரித்தார். உள்ளே ஓமனாவின் புகைப்படம் சிரித்துக்கொண்டிருந்தது. அப்படியே உறையை மடக்கிக்கொண்டு உள்ளே ஓடினார்.

"ஏட்டி, இதில உன் படம்லா இருக்கு?"

"அப்பா எனக்குத்தானே தந்தாவ. நீங்க இடுப்பில சொருகிட்டு ஊரு சுத்துவியன்னு அப்பாவுக்குப் பயம்."

கட்டிலில் சுயம்பு சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

"அப்போ நான் போட்ட கையெழுத்து?"

"அது கடைசித் தாள்லா. 'என் மனைவி துப்பாக்கி வைத்துக்கொள்வதில் எனக்கு ஆட்சேபணை இல்லை.' வாசிக்கத்தான் சொன்னேன்."

வெளியே ஜெயசிங் இருமினான். "அவன்ட்ட நான் என்ன சொல்லுவேன்?" என்று பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார் கிருஷ்ணமணி. துப்பாக்கியையாவது கண்ணில் காட்டிவிடலாம் என்று அலமாரிக்குள் கையை விட்டார்.

"தொடாதீய" என்றாள் ஓமனா. "லைசென்ஸ் இல்லாத ஆளு கைய வச்சா கேசாயிரும்."