ரசீது மிலிட்டரி

தன் துப்பாக்கியைத் தன்னிடம் திருப்பிக் கொடுக்கவே கூடாது என்று சர்க்காருக்குத் தானே மனு போட்ட மனிதர், எனக்குத் தெரிந்து, இந்த உலகத்திலேயே ரசீது மிலிட்டரி ஒருவர்தான். அந்த மனுவை அவருக்காக எழுதிக் கொடுத்தவன் நான். அழுதுகொண்டே எழுதினேன் என்று சொன்னால் கதைக்கு நன்றாக இருக்கும். அவரைத் திட்டிக்கொண்டே எழுதினேன் என்பதுதான் நிஜம்.

ஆம்பூரில் ஒரு ஷூ கம்பெனி. அதில் நான் டைம் ஆபீஸ் குமாஸ்தா. யார் எத்தனை மணிக்கு வந்தார்கள், யார் வராமலேயே வந்தார்கள் என்று பார்த்துக் குறித்துக்கொள்வது என் உத்தியோகம். எங்கள் பக்கத்தில் தெருவுக்கு நாலு பேர் பட்டாளத்துக்குப் போய் வந்தவர்கள். வெறுமனே 'மிலிட்டரி' என்று கூப்பிட்டால் நாலு மீசைகள் ஒரே நேரத்தில் திரும்பும். ஆகவே ஆளுக்கொரு அடைமொழி தேவைப்பட்டது. எங்கள் வாட்ச்மேனுக்கு ரசீது மிலிட்டரி என்று பெயர் வந்த காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

அவர் வேலைக்கு வந்ததே ஒரு போட்டியில்தான். எதிர் கம்பெனி வாசலில் ஒருநாள் துப்பாக்கியோடு ஒரு காவலாளி முளைத்தார். அதைப் பார்த்ததிலிருந்து எங்கள் மேனேஜர் பாய்க்குச் சோறு இறங்கவில்லை.

"அங்க ஒத்தக் குழல் வெச்சிருக்கான். நமக்கு ரெட்டக் குழல் வேணும்" என்றார்.

தேடிப் பிடித்ததில் குடியாத்தம் பக்கத்துக் கிராமத்திலிருந்து இவர் வந்தார். சொந்த லைசென்ஸ், சொந்த ரெட்டைக் குழல் துப்பாக்கி, கதவு தாழ்ப்பாள் மாதிரி குறுக்கே கிடந்த மீசை. முதல் வாரமே வெளிநாட்டிலிருந்து ஷூ வாங்க வந்த ஒருவர் அவரைப் பார்த்துவிட்டு, ஊரில் ஏதாவது கலவரமா என்று பயந்துபோய்க் கேட்டார். அதெல்லாம் இல்லை, சும்மா அலங்காரம் என்று பாய் விளக்கினார். வந்தவர் அலங்காரத்தோடு நின்று ஒரு போட்டோ எடுத்துக்கொண்டு போனார்.

அந்தத் துப்பாக்கி எங்கள் கம்பெனியில் ஒருமுறைகூட வெடித்ததில்லை. ஒருநாள் கேன்டீனுக்குள் குரங்கு புகுந்து, வடைத் தட்டின் மேலேயே உட்கார்ந்துவிட்டது. "சுடு மிலிட்டரி, சுடு!" என்று மொத்தக் கேன்டீனும் கத்தியது. அவர் சட்டைப் பையிலிருந்து லைசென்ஸை எடுத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு, ஆரம்பத்திலிருந்து படித்தார்.

"தற்காப்புக்குன்னுதான் போட்டிருக்குது. வடையக் காப்பாத்தறதுக்குன்னு போடலியே" என்றார். படித்து முடிப்பதற்குள் குரங்கும் சாப்பிட்டு முடித்திருந்தது.

இனி ரசீது. தேர்தல் அறிவித்தால் லைசென்ஸ் துப்பாக்கிகளை எல்லாம் போலீஸ் ஸ்டேஷனில் ஒப்படைக்கச் சொல்வார்கள். ரசீது கொடுப்பார்கள். தேர்தல் முடிந்ததும் ரசீதைக் காட்டித் திருப்பி வாங்கிக்கொள்ள வேண்டும். மற்ற துப்பாக்கிக்காரர்கள் இதைப் பெரிய பேஜாராக நினைத்து முணுமுணுப்பார்கள். நம் மனிதருக்கு மட்டும் அதில் ஏதோ ஒரு சுகம் கிடைத்துவிட்டது. துப்பாக்கியை விட்டுவிட்டு வந்த நாட்களில் நடையே மாறிவிடும். கையை வீசிக்கொண்டு, இந்திப் பாட்டு முனகிக்கொண்டு வருவார். அப்புறம் அவருக்கு ஒரு யோசனை வந்தது. தேர்தல் ஐந்து வருஷத்துக்கு ஒருமுறை வருகிறது. மிலிட்டரி கேன்டீன் ரம் மாதாமாதம் வருகிறதே?

"பாட்டிலும் துப்பாக்கியும் ஒரே வூட்ல தங்கக் கூடாது" என்று ஒரு சட்டம் போட்டார். அதன்படி பாட்டில் வாங்கிய அன்று முதல் வேலையாகத் துப்பாக்கியைத் தோளில் சாத்திக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போவார். பாட்டில் காலியானதும், நடுவில் ஒருநாள் விட்டு, போய் வாங்கி வருவார். இரண்டு மாதம் பொறுத்துப் பார்த்த ஏட்டையா மூன்றாவது மாதம் கத்திவிட்டார்.

"யோவ், இது இன்னா போலீஸ் ஸ்டேஷனா, சைக்கிள் ஸ்டாண்டா? நெனச்சா வுடறே, நெனச்சா எடுக்கறே!"

"ரசீது குடுங்க சார்."

"மொதல்ல வெளிய போய்யா."

"ரசீது குடுங்க சார், போய்டறேன்."

விறைப்பாக அட்டென்ஷனில் நின்றுவிட்டாராம். அரை மணி நேரம். அந்தப் பக்கம் போன போலீஸ்காரர்கள் எல்லாம் யாரோ பெரிய அதிகாரி வந்திருப்பதாக நினைத்து அவர்களும் விறைப்பாக நின்றார்களாம். ஏட்டையா ரசீது கொடுத்தார். நம்மவருக்குப் பெயரும் கிடைத்தது.

அவருடைய சட்டம் சரிதான் என்பதற்கு ஒரு சாட்சி உண்டு. ஒரு திருவிழா நாளில் ரம் கொஞ்சம் ஜாஸ்தியாகிவிட்டது. நேரே பஸ் ஸ்டாண்டுக்குப் போய், நடுரோட்டில் ஏறி நின்று, பஸ்களுக்கு அணிவகுப்பு நடத்தினார். வேலூர் பஸ்ஸை வாணியம்பாடிக்கும், வாணியம்பாடி பஸ்ஸை வேலூருக்கும் திருப்பிவிட்டார். தடுத்த போலீஸ்காரரையும் வரிசையில் நிறுத்திவிட்டார். குடித்துவிட்டுப் பொது இடத்தில் ரகளை என்று வழக்கானது. கோர்ட்டில், குற்றத்தை ஒப்புக்கொள்கிறாயா என்று நீதிபதி கேட்டார்.

"ஒத்துக்கறேங்கய்யா. குடிச்சது நெசம், பஸ்ஸ திருப்புனதும் நெசம். ஆனா துப்பாக்கி அப்ப ஸ்டேஷன்ல இருந்துச்சு. இந்தாங்க ரசீது."

அபராதம் போட்டார்கள். கட்டிவிட்டு, அதற்கும் ஒரு ரசீது வாங்கிக்கொண்டு வந்தார்.

தினமும் ஒரு மணி வாக்கில் அவருடைய வீட்டம்மா அடுக்கு கேரியரில் சாப்பாடு கொண்டுவருவார். பதினைந்து வருஷம் நாள் தவறாமல் வந்த சொந்த மனைவியையும் மிலிட்டரி சும்மா உள்ளே விட்டதில்லை. வாசல் ரிஜிஸ்டரில் எழுதுவார்: '1.05, சாப்பாடு, வீட்டம்மா.' போகும்போது: 'வெளியே 1.30.' அந்த அம்மாவும், "இந்த மனுசன் எமன் வந்தாக்கூட கையெழுத்து வாங்கிட்டுத்தான் உள்ள வுடுவாரு" என்று என்னிடம் சொல்லிச் சிரிக்கும்.

எமன் கையெழுத்துப் போடாமலேயே வந்துவிட்டான். நாலு நாள் காய்ச்சலில் அந்த அம்மா போய்விட்டது. மிலிட்டரி பத்தே நாளில் வேலைக்குத் திரும்பினார். மீசை அதே மீசை, சல்யூட் அதே சல்யூட். எல்லோரும் மெச்சிக்கொண்டோம். மாதக் கடைசியில் ரிஜிஸ்டரைச் சரிபார்க்க உட்கார்ந்த எனக்குத்தான் கை நின்றுவிட்டது. தினமும் எழுதியிருந்தார்: '1.05, சாப்பாடு, வீட்டம்மா. வெளியே 1.30.'

நான் யாரிடமும் சொல்லவில்லை. அவரிடமும் கேட்கவில்லை. என்னவென்று கேட்பது?

ஆறு மாதம் கழித்து ஒரு மத்தியானம் ஒரு விபரீதம் நடந்தது. மிலிட்டரி கேட்டைத் திறந்தபடி போட்டுவிட்டு எங்கோ போய்விட்டார். ரோட்டில் மேய்ந்துகொண்டிருந்த ஆறு ஆடுகள் வரிசையாக உள்ளே வந்து, பேக்கிங் செக்‌ஷனில் அட்டைப் பெட்டிகளைத் தின்ன ஆரம்பித்தன. தோல் தொழில் நடக்கும் இடத்துக்கு ஆடு தன் காலாலேயே நடந்து வந்தது அன்றைக்குத்தான் என்று கட்டிங் செக்‌ஷனில் ஒரு வாரம் சிரித்தார்கள். பாய் சிரிக்கவில்லை. இரண்டு மணி நேரம் கழித்து, வெறுங்கையோடு, சட்டை முழுக்க வேர்வையாக மிலிட்டரி திரும்பி வந்தார். பாய் சொன்னபடி நான்தான் மெமோ டைப் அடித்தேன். காரணம் என்ற இடத்தில் 'சொந்த வேலை' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். கேன்டீன் ரம் வந்திருக்கும் என்று நானும் நினைத்துக்கொண்டேன்.

அடுத்த வாரமே லைசென்ஸ் புதுப்பிக்கும் நாள் வந்தது. பாரம் நிரப்ப என்னிடம் வந்தார். குற்ற வழக்கில் தண்டனை பெற்றதுண்டா, மனநலக் கோளாறு உண்டா என்று அதில் கேள்விகள். எல்லோரும் கண்ணை மூடிக்கொண்டு 'இல்லை' என்று எழுதுகிற கேள்விகள்.

"ரெண்டுக்கும் ஆமான்னு எழுது டைம் ஆபீஸ்" என்றார். என்னை ஆபீஸ் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்.

"உங்களுக்கு இன்னா பைத்தியமா?"

"அதத்தானே எழுதச் சொல்றேன்."

விஷயம் பாய் காதுக்குப் போனது. அவர் உடனே தெரிந்த டாக்டர் ஒருவரிடம் எங்களை அனுப்பினார். அந்த டாக்டர் மீசையைப் பார்த்த மாத்திரத்தில் சர்டிபிகேட்டை எடுத்துவிட்டார்.

"மிலிட்டரி உடம்பு, உங்களுக்கு இன்னா கொறச்சல்? வேளாவேளைக்குச் சாப்புடறீங்களா?"

"ஆமா சார். டெய்லி ஒரு மணிக்கு வீட்டம்மா கூட உக்காந்து சாப்புடறேன்."

"ரொம்ப நல்ல விஷயம்."

"அவ செத்து ஆறு மாசம் ஆவுது சார்."

டாக்டர் பேனாவை மூடினார்.

வெளியே வந்ததும் நான் கத்தினேன். "துப்பாக்கி இல்லன்னா உங்களுக்கு வேலை இல்ல, தெரியுமா? அந்த அம்மாவும் இல்ல, இதையும் வுட்டுட்டு நாளைலருந்து எங்க போய் உக்காருவீங்க?"

டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்தார். தொப்பியைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆடு வந்துச்சே, அன்னிக்கி... அவ வழக்கம்போல ஒரு மணிக்கு வந்தா. சாப்ட்டோம். ஒன்றரைக்கு எழுந்துக்கல. நீயும் வாய்யா போலாம்னா. துப்பாக்கி மடில இருந்துச்சு. ரெண்டு தோட்டாவும் உள்ளதான் இருந்துச்சு."

டீ வந்தது. வாங்கி அவர் பக்கத்தில் வைத்தேன்.

"கொஞ்சம் இருடி, ஸ்டேஷன் வரிக்கும் போய்ட்டு வர்றேன்னு சொல்லிட்டு ஓடனேன். கேட்டக்கூட மூடல. ஏட்டையா இன்னா சேதின்னாரு. வெச்சுக்கங்க சார், இனிமே நானே வந்து அழுது கேட்டாலும் குடுக்காதீங்கன்னேன். அன்னிக்கி அவரு கத்தவேயில்ல. அவரே எழுதி ரசீது குடுத்தாரு."

அன்றைக்குத்தான் அவர் காரணத்தில் எழுதிய 'சொந்த வேலை' எனக்கு விளங்கியது. ஆபீசுக்குப் போனதும் முதல் காரியமாக அந்த மெமோவை பைலிலிருந்து உருவிக் கிழித்தேன். அப்புறம்தான் மனு எழுத உட்கார்ந்தேன். இதை ஒரு வாரம் முன்னாடி என்கிட்ட சொல்லித் தொலைத்திருக்கக் கூடாதா என்று வரிக்கு வரி அவரைத் திட்டினேன். அவர், "பேனா நல்லா ஓடுது, எழுது" என்றார்.

சர்க்கார் ஆபீசில் அந்த மனுவை மூன்று மேஜைகளுக்குச் சுற்றவிட்டார்கள். "லைசென்ஸ் குடுங்கன்னு கேக்கறதுக்குத்தான் பாரம் இருக்குது. வேணாங்கறதுக்கு எங்ககிட்ட பாரமே இல்லியே" என்று ஒருவர் நிஜமாகவே கவலைப்பட்டார். கடைசியில் விசாரித்த அதிகாரி எழுந்து நின்று மிலிட்டரியின் கையைப் பிடித்துக் குலுக்கினார். லைசென்ஸ் ரத்தானது. ரசீது கேட்டார், கொடுத்தார்கள்.

மிலிட்டரியின் அனுமதியோடு மேனேஜர் பாயிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பாய் எழுந்து போய் ஜன்னல் வழியாகக் கேட்டைப் பார்த்தார்.

"துப்பாக்கி போனா போவட்டும். மீசை இருக்குது இல்ல? கேட்டுக்கு அது ஜாஸ்தி" என்றார்.

மாதம் ஒருமுறை வேலூர் ஆஸ்பத்திரிக்கு அவரை நான் பஸ்ஸில் கூட்டிப்போனேன். மாத்திரை, பேச்சு, மறுபடி மாத்திரை. மெல்லத் தூக்கம் வந்தது. பல மாதங்களுக்குப் பிறகு ஒருநாள் ரிஜிஸ்டரில் ஒரு மணிக்கு எதிரே எதுவும் எழுதவில்லை. குணமாகிவிட்டார் என்று நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். எட்டிப் பார்த்தேன். அவர் கேட் ரூமில் தனியாக உட்கார்ந்து, கேன்டீன் பொட்டலத்தைப் பிரிக்காமல் வைத்துக்கொண்டிருந்தார். எனக்கு அது தாங்கவில்லை.

மறுநாள் என் டிபன் பாக்ஸை எடுத்துக்கொண்டு கேட்டுக்குப் போனேன். அவர் என்னைப் பார்த்தார், டிபனைப் பார்த்தார். ரிஜிஸ்டரை இழுத்து, கண்ணாடி மாட்டிக்கொண்டு எழுதினார்: '1.05, சாப்பாடு, டைம் ஆபீஸ்.'

அப்படியே ஒன்பது வருஷம் சாப்பிட்டோம். வயதாகி, தூக்கத்திலேயே நிம்மதியாகப் போனார். இப்போது அந்தக் கேட்டில் கேமரா இருக்கிறது. பழைய ரிஜிஸ்டர்களை எடைக்குப் போட்ட அன்று, முதன்முதலாக 'டைம் ஆபீஸ்' என்று அவர் எழுதிய அந்த ஒரு பக்கத்தை மட்டும் நான் கிழித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு வந்துவிட்டேன். ரசீது எதுவும் கொடுக்கவில்லை. கேட்பதற்கு அவர் வாசலில் இல்லையே என்றுதான் அன்றைக்கு அழுதேன்.