தீர்த்தம் குடித்த கப்பல்

தெரியாத வேலையைத் தெரியும் என்று சொல்லிவிட்டு இரண்டு நாள் தாக்குப்பிடிப்பது எளிது. மூன்றாம் நாள்தான் சிரமம். எனக்கு அந்த மூன்றாம் நாள் மாதா திருவிழாவாக வந்து வாய்த்தது.

அப்போது எனக்கு இருபத்து மூன்று வயது. சேலத்தில் ஒரு லாரி ஆபீசில் குமாஸ்தா. எந்த லாரியில் எத்தனை மூட்டை போகிறது என்று எழுதுவதுதான் உத்தியோகம். (லாரிக்கு முன்பக்கம் எது, பின்பக்கம் எது என்பதுவரை எனக்குத் தெரியும்.) ஆனால் எங்கள் மாதா கோயில் பங்கில் எல்லோரும் என்னைப் பாதி மெக்கானிக் என்று நினைத்திருந்தார்கள். நானும் அதை மறுக்கவில்லை.

எங்கள் கோயில் தேர் பாய்மரக் கப்பல் வடிவில் இருக்கும். கடலையே பார்த்திராத ஒரு தச்சர் செய்தது. மல் துணியில் இரண்டு பாய், நடுவே மாதா சொரூபம், பாய்மரத்தைச் சுற்றிக் கார் பல்புகள். எட்டுப் பேர் தோளில் தூக்கிக்கொண்டு தெருவில் அசைந்து வரும்போது வறண்ட எங்கள் ஊருக்குள் கடலே வந்துவிட்டதாகத் தோன்றும். பல்புகளுக்கு மின்சாரம் தந்தவை அடித்தட்டில் இருந்த இரண்டு பேட்டரிகள். அந்த வருஷம் இரண்டுமே செத்துப்போயின. புதிதாகப் பார்த்து வாங்கி, சார்ஜ் ஏற்றிக் கொண்டுவர யாருக்குத் தெரியும் என்று பங்குச் சாமியார் கேட்டார். நான் எழுந்து நின்றேன்.

எழுந்ததற்குக் காரணம் பக்தி இல்லை. அயோத்தியாப்பட்டணத்து லாரி டிரைவர் அருளப்பன், மகள் பிலோமினாவோடு திருவிழாவுக்கு வருவதாக இருந்தது. மாப்பிள்ளை என்ற முறையில் என்னை நேரில் பார்த்துவிட்டுச் சம்மதத்தைச் சொல்வதாக ஏற்பாடு. நான் பிலோமினாவை ஏற்கெனவே ஒரு ஞானஸ்நான விருந்தில் பார்த்திருந்தேன். அன்று முதல் எனக்குச் சோறு சரியாக இறங்கவில்லை. மறைக்க என்ன இருக்கிறது, அவளைக் கட்டாவிட்டால் உயிரோடு இருப்பதில் அர்த்தமில்லை என்று முழு மனதாக நம்பினேன்.

பேட்டரிக் கடைக்காரர் பழனிச்சாமி மல்லசமுத்திரத்துக்காரர். கடையில் வரிசையாக இருந்த பேட்டரிகளை நான் விரலை மடக்கி ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன்.

“ஏனுங்க தம்பி, இதென்ன தேங்காயுங்களா?” என்றார்.

“சத்தத்துலயே சரக்குத் தெரிஞ்சுருமுங்க” என்றேன்.

அவர் நான் காட்டிய இரண்டிலும் ஆசிட் ஊற்றிவிட்டு, இரண்டு நாள் கடையிலேயே இருக்கட்டும், நிதானமாகச் சார்ஜ் ஏற்றித் தருகிறேன் என்றார். எங்கள் ஆபீசிலேயே சார்ஜர் இருக்கிறது என்று சொல்லிவிட்டேன். (இருந்தது. அதை இயக்கத் தெரிந்தவர்தான் லீவில் போயிருந்தார்.) எந்த ஒயரை எதில் மாட்டுவது என்று பழனிச்சாமி பொறுமையாகச் சொல்லித் தந்து, கடைசியில் ஒன்றை மட்டும் இரண்டு தடவை சொன்னார். “தண்ணி கொறஞ்சா மட்டும் டிஸ்டில் வாட்டர் ஊத்தோணும். வேற எந்தத் தண்ணியும் ஆவாதுங்க.”

மறுநாள் மூடிகளைத் திறந்து பார்த்தேன். ஒவ்வொரு துளையிலும் விளிம்புக்கு ஒரு விரல்கடை கீழேயே தண்ணீர் நின்றது. அப்படித்தான் நிற்க வேண்டுமாம். எனக்கோ, கடைக்காரர் அளவில் ஏமாற்றிவிட்டார் என்று பட்டது. அன்று ஞாயிற்றுக்கிழமை, கடை பூட்டியிருந்தது. அப்போதுதான் கோயில் வேலைகளைப் பார்க்கும் உபதேசியார் அங்கே பானை நிறைய வைத்திருந்த மந்திரித்த தீர்த்தம் நினைவுக்கு வந்தது. கிணற்றுத் தண்ணீர் நாலு நாளில் பாசி பிடிக்கும். தீர்த்தமோ மாதக்கணக்கில் கெடாமல் நிற்கிறது. அதைவிட உயர்ந்த தண்ணீர் எந்தக் கடையில் கிடைக்கும்? ஒரு செம்பு மொண்டுவந்து, எல்லாத் துளைகளையும் விளிம்பு வரை தளும்பத் தளும்ப நிரப்பினேன்.

சார்ஜரைப் போட்டதும் உள்ளே குமிழி குமிழியாகக் கொதித்தது. காலராக் காலத்தில் கிணற்றில் போடும் பிளீச்சிங் பவுடர் வாசனை அறையெல்லாம் அடித்தது. கண்ணில் நீர் வழிய இருமிக்கொண்டே, சக்தி நன்றாக ஏறுகிறது என்று பூரித்துப்போனேன்.

திருவிழா மாலை விளக்கு வைக்கும் நேரத்தில் கப்பல் ஜொலித்துக்கொண்டு புறப்பட்டது. பெண்கள் கூட்டத்தில் பிலோமினா நிமிர்ந்து பார்த்தாள். அருளப்பன் வெளுத்த வேட்டியும் துண்டுமாக வந்திருந்தார். விருந்தாளிக்கு மரியாதையாக அவருக்கும் தோள் கொடுக்க இடம் தந்தார்கள். (அந்த இடத்தைக் காட்டியவனும் நான்தான்.) முதல் தெரு முடிவதற்குள் பல்புகள் மஞ்சளாயின. திருப்பத்தில் பீடிக் கங்குபோலச் சிவந்தன. கப்பல் ஒருபக்கம் சாய்ந்து திரும்பியபோது மொத்தமாக அணைந்தன. மழையில்லாத வானத்திலிருந்து தங்கள்மேல் சொட்டுச் சொட்டாக விழுகிறதே என்று தூக்கியவர்கள் முணுமுணுத்தார்கள்.

கப்பலை இறக்கினார்கள். அருளப்பன் கழுத்தைத் துடைத்துக்கொண்டே குனிந்து பேட்டரியை முகர்ந்து பார்த்தார். நிதானமாக என்னிடம் திரும்பினார்.

“தம்பி, இதுல என்ன தண்ணி ஊத்துனீங்க?”

“தீர்த்தமுங்க.”

எல்லோரும் பங்குச் சாமியாரைப் பார்த்தார்கள். அவர், கோபமா சிரிப்பா என்று தெரியாத குரலில், “உப்புப் போட்டுத்தானேப்பா அதை மந்திரிக்கிறோம்” என்றார். அது கெடாமல் நின்ற ரகசியம் எனக்கு அப்போதுதான் விளங்கியது. உப்புத் தண்ணீர் கப்பலுக்கு ஆகும், பேட்டரிக்கு ஆகாது என்பதும் விளங்கியது. மாதா மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் கோயில் திரும்பினார். நான் கூட்டத்தின் கடைசியில், பிலோமினா இருந்த பக்கம் திரும்பாமலே நடந்தேன். அழுகை வந்தது.

மறுநாள் துவைத்தபோது எட்டு வேட்டிகளும் சல்லடையாகிவிட்டன. ஆசிட் அருளப்பன் வேட்டியில்தான் தாராளமாக இறங்கியிருந்தது. சம்பந்தம் முறிந்தது என்று எங்கள் வீட்டில் பேச்சையே விட்டுவிட்டார்கள். ஒரு வாரம் கழித்து, சம்மதம் என்று ஆள் வந்தது. எனக்கு நம்பிக்கை வரவில்லை.

நடந்தது என்னவென்று கல்யாணத்துக்குப் பிறகு பிலோமினா சொன்னாள். ஓட்டை வேட்டியை விரித்துக் காட்டி, “இவனை நம்பி ஒரு டார்ச் லைட்டக்கூடக் குடுக்க முடியாது” என்றாராம் அப்பா. “டார்ச் லைட்ட நீங்களே வெச்சுக்கங்கப்பா” என்றாளாம் இவள்.

அந்த வேட்டி சீர் சாமான்களோடு எங்கள் வீட்டுக்கு வந்துசேர்ந்தது. இன்றும் பெட்டியில் இருக்கிறது. இப்போது வீட்டில் இன்வெர்ட்டர் இருக்கிறது. அதன் பேட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற ஆள் வந்தால் பிலோமினா அடுப்படியிலிருந்து என் பெயரைச் சொல்லி ஒரு குரல் கொடுக்கிறாள். உடனே என் பேத்தி ஓடிப்போய், வாசல் நிலையருகே இருக்கும் சின்னத் தீர்த்தத் தொட்டியை இரண்டு கையாலும் மூடிக்கொள்கிறாள்.