நாலு கோடு

“நாலு பிழையா இருக்கு,” என்றார் மோகனராஜ்.

நிச்சயதார்த்தத்தில் மாப்பிள்ளை தினுஷன் தன் கையாலேயே கட்டிவிட்ட கைக்கடிகாரம். மறுநாள் காலையில்தான் அதை அவர் மூக்குக்கண்ணாடி போட்டுப் பார்த்தார். எல்லாம் ரோம இலக்கம். ஆனால் IV இருக்க வேண்டிய இடத்தில் IIII என்று வெறும் நான்கு கோடுகள் நின்றன.

“இது போலி. நல்ல கம்பனிக்காரன் இப்பிடிப் பிழை விட மாட்டான்.”

சாப்பிட்டுக்கொண்டிருந்த மகள் சிந்துஜா நிமிர்ந்தாள். “வாட்ச்சுல அப்பிடியும் போடுவாங்கப்பா.”

“இந்தக் கலஹா ஊருல பாதிப் புள்ளைகளுக்கு ரோம இலக்கம் படிச்சுக் குடுத்தவன் நான். அதுல ‘அப்பிடியும்’ கிடையாது. மொதல் பரிசுலயே ஏமாத்துறவன் நாளைக்கு உன்னை எப்பிடி வச்சிருப்பான்?”

சிந்துஜா தட்டை அப்படியே வைத்துவிட்டு எழுந்து போனாள். இப்போதே புகுந்த வீட்டுப் பக்கம் சாய்ந்துவிட்டாளே என்று அவருக்கு வருத்தம்.

சம்பந்தம் பேசி முடித்தவன் அவருடைய மைத்துனன் இளங்கோ. அவனைத் தொலைபேசியில் பிடித்தார். “அந்த வாட்ச்சை எங்க எடுத்தாங்கன்னு மெதுவா விசாரி. நான் கேட்டதா சொல்லாத.”

போனை வைத்ததும் மனைவி பார்வதி சொன்னாள்: “கொஞ்சம் நம்ம சுவத்தையும் பாருங்க.”

வீடு குடிபுகுந்த நாளிலிருந்து கூடத்தில் தொங்கும் மணிக்கூடு. மோகனராஜ் கதிரை போட்டு ஏறிப் பார்த்தார். அதிலும் ரோம இலக்கம். அதிலும் நான்கு கோடு. இத்தனை வருடமும் அதைப் பார்த்துத்தான் அவர் பள்ளிக்கூடம் போனார். அதற்குக் கீழே உட்கார வைத்துத்தான் பிள்ளைகளுக்கு ரோம இலக்கமும் சொல்லிக்கொடுத்தார். காது மடல் சுட்டது. கதிரையை விட்டு இறங்கவே கூச்சமாக இருந்தது. கீழே பார்வதி நின்றாள்.

மறுபடி இளங்கோவை அழைத்தார். “கேட்டுட்டியா?”

“மச்சானுக்கு வாட்ச்சுல ஒரு சின்ன மனக்குறைன்னு மட்டுந்தான் சொன்னேன்.”

“எம் பேரைச் சொல்லாதன்னேனே.”

“வாட்ச் உங்க கையிலதானே இருக்கு மச்சான். வேற யாருக்குக் குறைன்னு சொல்ல?”

போலி என்று நினைத்தது வெளியே வரக் கூடாது. மோகனராஜ் அவசரமாக ஒரு காரணம் தேடினார். “சரி, வாட்ச் ஓடலைன்னு சொல்லிரு.”

கொஞ்ச நேரத்தில் இளங்கோ திரும்ப அழைத்தான். “சொல்லிட்டேன். மாப்பிள்ளை லீவு போட்டுட்டு வர்றாராம். கடையில குடுத்து மாத்திட்டு வரப் போறாராம்.”

“வர வேணாம்னு சொல்லு. நானே போறேன்.”

பேராதனைக்கு ஒரு பஸ், கண்டிக்கு ஒரு பஸ், மாப்பிள்ளை வீடு இருக்கும் பல்லேகலைக்கு இன்னொன்று. மடியில் கேக் பெட்டி. பக்கத்தில் இருந்தவர் மணி கேட்டபோது, கடிகாரத்தைச் சட்டைக் கைக்குள் இழுத்துக்கொண்டு தெரியாது என்றார்.

தினுஷனின் அப்பா கணேஸ் கடிகாரத்தை வாங்கிக் காதில் வைத்துக் கேட்டார். “ஓடுதே சம்பந்தி.”

“ஓடுது.”

“அப்ப என்ன குறை?”

இன்னொரு பொய்க்கு மோகனராஜிடம் தெம்பில்லை. “போலின்னு நெனச்சிட்டேன்.”

கேக் வெட்டிக்கொண்டிருந்த சம்பந்தியம்மாவின் கை நின்றது. அந்தச் சொல் அந்த வீட்டுக்குள் வந்தது அப்போதுதான். கொண்டுவந்தவர் அவரே.

“பிழை எம்மேலதான்,” என்றார் மோகனராஜ். “எங்க வீட்டு மணிக்கூட்டுலயும் நாலு கோடு. தினம் பார்த்தும் தெரியல. தம்பி ஆசையா தேடி எடுத்ததை அசிங்கப்படுத்திட்டேன். இதை வச்சு எம் புள்ளையைக் குறைவா நெனச்சிராதீங்க. அவளுக்கு இதுல சம்பந்தமே இல்ல.”

“பரவாயில்ல மாமா, விடுங்க,” என்றான் தினுஷன். மன்னிப்புக் கேட்பவரை விட அவன்தான் அதிகம் நெளிந்தான்.

“எப்பிடி விடுறது? நீங்க கடை கடையா ஏறி இறங்கியிருப்பீங்க.”

தேநீர்த் தட்டோடு வந்த தினுஷனின் தங்கை சுகிர்தா, அண்ணன் கண்ணால் தடுப்பதற்குள் சொல்லிவிட்டாள்:

“அண்ணன் எங்க ஏறி இறங்கினாரு மாமா? அவர் எடுத்து வச்ச வாட்ச்சை, ‘எங்கப்பா இதுல குறை கண்டுபிடிப்பாரு’ன்னு வேணாம்னுட்டு, கண்டியெல்லாம் அலைஞ்சு இதை வாங்கி அண்ணன் கையில குடுத்ததே சிந்துஜா அண்ணிதானே.”