அது காற்றுச் சத்தம்தான், மச்சான்

பெருமதிப்புக்குரிய மச்சான் ஹஃபீத் அவர்களுக்கு, கான்ஸ்டன்டீன் நகரிலிருந்து தங்கள் தங்கை யமீனாவின் கணவன் லக்தர் ஸலாம் கூறி எழுதிக்கொள்வது. இறைவன் அருளால் நானும் யமீனாவும் இங்கே சுகம். அங்கே தாங்களும், தங்கள் இல்லத்தாரும், ஆபரேஷன் செய்துகொண்ட தங்கள் முதுகும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். மார்செயில் குளிர் விட்டிருக்கும் என நினைக்கிறேன். இங்கே ஆரஞ்சுப் பூக்காலம். வீட்டுக்கு வீடு பன்னீர் வடிக்கிறார்கள், தெருவில் நடந்து போனாலே சட்டை மணக்கிறது.

நிற்க. என் மகள் நர்ஜிஸின் கல்யாண ஊர்வலப் படம் தங்களுக்குக் கிடைத்ததாகவும், அதைத் தாங்கள் காபிக்கடைக்கு எடுத்துப்போய் நண்பர்கள் அனைவருக்கும் போட்டுக் காட்டியதாகவும், அதில் ஆரம்பம் முதல் கடைசிவரை பெண்ணைப் பெற்றவன் விம்மி விம்மி அழுகிற சத்தம் கேட்பதாகச் சொல்லி அனைவரும் ரசித்ததாகவும் யமீனா மூலம் அறிந்தேன். போனில் விளக்கலாம் என்று பலமுறை முயன்றேன். நான் "அது வந்து மச்சான்" என்பதற்குள் தாங்கள் சிரிக்க ஆரம்பித்துவிடுகிறீர்கள், பிறகு இருமுகிறீர்கள், பிறகு தங்கள் வீட்டு அக்கா போனை வாங்கி "அவருக்கு முதுகு வலிக்கும், அப்புறம் பேசுங்க" என்று வைத்துவிடுகிறார். அதனால்தான் கடிதம். கடிதத்தில் குறுக்கே சிரிக்க முடியாது. விஷயம் இதுதான்: அது அழுகை இல்லை. ஹெல்மெட்டுக்குள் இருந்த மைக்கில் காற்று புகுந்த சத்தம். தங்கள் மகள் கல்யாணத்தில் தாங்கள் தேம்பித் தேம்பி அழுததை நான் ஒவ்வொரு பெருநாளைக்கும் தவறாமல் ஞாபகப்படுத்தி வந்திருப்பதால் தங்களுக்குச் சந்தேகம் வருவது இயற்கை. ஆனால் நடந்ததை ஆதியோடந்தமாகக் கேட்டால் தாங்களே ஒத்துக்கொள்வீர்கள். ஒத்துக்கொண்டபின், படத்தில் இருக்கும் சத்தத்தை மட்டும் எடுத்துவிட்டு அந்த இடத்தில் நல்லதாக ஒரு ஊத் தந்தி இசையைச் சேர்த்துவிடும்படி பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

விமானத்தில் உட்காரக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால், பெண் வீட்டை விட்டுக் கிளம்புவதைப் பக்கத்தில் நின்று பார்த்த மாதிரி பார்க்கவும் கேட்கவும் வேண்டும் என்று அந்தக் கேமராவையும் மைக்கையும் ஆள் மூலம் கொடுத்தனுப்பினீர்கள். தாய்மாமன் ஆசை, தட்ட முடியுமா? அது ஹெல்மெட்டில் ஒட்டுகிற கேமரா என்பதால், ஊர்வலத்தில் ஸ்கூட்டரில் போட்டுக்கொள்ளப் புதுசாக முகம் மூடிய ஹெல்மெட் ஒன்று வாங்கினேன். தாடைப் பக்கத்தை ஸ்பிரிட் போட்டுத் துடைத்து, பிசின் தகட்டை ஒட்டி, ஒரு நாள் தொடாமல் வைக்கச் சொல்லிக் கேமராப் பெட்டியில் எழுதியிருந்தது. ஸ்பிரிட் எங்கே என்று கேட்டதற்குத் தங்கள் தங்கை, கல்யாண வீட்டில் அந்த நாற்றமெல்லாம் ஆகாது என்று சொல்லி, புதிதாக வடித்த பூப்பன்னீரை ஒரு சொம்பு நிறையக் கொடுத்தாள். நம் ஊரில் காபிக்கும் அதுதான், காய்ச்சலுக்கும் அதுதான், மயங்கி விழுந்தவன் மூஞ்சியில் அடிப்பதும் அதுதான். ஹெல்மெட்டுக்கு ஆகாதா என்று நானும் தாராளமாகத் தேய்த்துவிட்டேன். மறுநாள் வெள்ளோட்டம் போனேன். ஹெல்மெட் கமகமவென்று இருந்தது. மீன்கடைத் திருப்பத்தில் ஒரு குலுக்கல், கேமரா தகட்டோடு கழன்று மத்திக் கூடைக்குள் விழுந்துவிட்டது. மீன்காரர் யாருக்கோ மத்தி நிறுத்துக்கொண்டிருந்தவர், அதையும் சேர்த்து நிறுத்துவிட்டார். நான் கெஞ்சிக் கூத்தாடி வாங்கி வந்தேன்.

அப்புறம் எதிர்வீட்டு மெக்கானிக் ஸுபைர்கிட்ட போனேன். அவன் கைக்கு அளவே தெரியாது, உங்களுக்கே தெரியும். லாரி பம்பர் ஒட்டுற பசையக் கொண்டாந்து அப்பு அப்புன்னு அப்பினான். கேமரா நின்னுச்சு, இனிமே ஹெல்மெட்ட உடைச்சாத்தான் கேமரா வெளிய வரும். பசை வழிஞ்சு தாடை வார்லயும் கொஞ்சம் ஒட்டிக்கிச்சு. இத ஞாபகம் வச்சுக்குங்க, பின்னால வேணும். மைக்க வெளிய வச்சா புயல் மாதிரி இரைச்சல்தான் வருது, உள்ள வாய்க்குப் பக்கத்துல வைங்க மாமான்னு அவன்தான் சொன்னான். மைக்குக்குப் போட நீங்க அனுப்பின பஞ்சுத் தொப்பி மத்திக் கூடையோட போயிருச்சு. அந்த நேரம் பாத்து முற்றத்துல பொம்பளைங்க எல்லாம் உக்காந்து நர்ஜிஸோட சீர் மெத்தைக்குக் கம்பளி சிக்கெடுத்துக்கிட்டு இருந்தாங்க. யாரும் பாக்காதப்ப ஒரு கை அள்ளிட்டு வந்து மைக்கச் சுத்தி அமுக்கிட்டேன். அடடா, அதுக்கப்புறம் காத்துங்கிற பேச்சே இல்ல மச்சான், நான் கொட்டாவி விட்டதுகூடத் தெள்ளத்தெளிவா கேட்டுச்சு.

அந்த சந்தோஷத்துல, ஒத்திகை ஓட்டினதைக் கூடத்துல எல்லாருக்கும் போட்டுக் காட்டினது என் புத்தி. ஹெல்மெட்டுக்குள்ள இருக்கிறவன் உலகத்துல தான் மட்டும்தான் இருக்கோம்னு நினைச்சுக்கிறான், என்ன பேசுறோம்னு அவனுக்கே தெரியறதில்ல. அன்னைக்கு மருதாணித் தட்டோட மாப்பிள்ளையோட அத்தை வர்தா வந்திருந்தாங்க. படத்துல ரோடு போகுது, மரம் போகுது, என் குரல் மட்டும் கணீர்னு வருது, "அந்த வர்தா அம்மா வாயத் திறந்தா நம்ம ஊர்த் தொங்குபாலமே பொறுக்க மாட்டாம எறங்கி ஓடிரும்" அப்படின்னு. வர்தா அம்மா மருதாணித் தட்டக் கீழ வச்சாங்க. யமீனா அவங்களுக்குக் காபி ஊத்தி, என்னைச் சந்தைக்கு அனுப்பிட்டா. சாயங்காலம் வரைக்கும் நான் வீட்டுப் பக்கமே வரல.

கல்யாணத்தன்னைக்குக் கதை வேற. பொண்ணு கிளம்பறப்ப அப்பன் புர்னூஸ் அங்கியப் போர்த்திக்கிட்டு வாசல்ல நிக்கணும், கையத் தூக்கி அதுக்கடியில அவளை வெளிய விடணும். கேமராவோ ஹெல்மெட்டுல. அப்ப நான் என்ன செய்யறது? புர்னூஸும் போட்டேன், ஹெல்மெட்டும் போட்டேன். வெளிய மேளக்காரங்க, ஊதுறவங்க, குலவை போடுற பொம்பளைங்க, எல்லாரும் என்னப் பாத்ததும் ஒரு நிமிஷம் நிறுத்திட்டாங்க. வர்தா அம்மா மட்டும், இவரு பொண்ண அனுப்ப வந்தாரா, கைது பண்ண வந்தாரான்னு கேட்டாங்களாம். நர்ஜிஸ் முக்காட்டோட என் கைக்கடியில குனிஞ்சு போனா. நீங்க பாத்திருப்பீங்க, அவ தலை மட்டும் தெரியும். அந்த இடத்துலதான் சத்தம் அதிகமா வருதுன்னு சொன்னீங்களாமே? வாசப்படியில நின்னப்ப காத்து எங்கேருந்து வந்துச்சுன்னு கேப்பீங்க. நம்ம வீட்டுச் சந்து உங்களுக்குத் தெரியாததா? மலைப் பக்கத்துல இருந்து குபுகுபுன்னு வரும். நடுவுல "என் கண்ணு, என் கண்ணு"ன்னு தெளிவா கேக்குதுன்னும் சொன்னீங்களாம். காத்து சில நேரம் அப்படித்தான் அடிக்கும், நான் என்ன பண்ண முடியும்? மேளம் மட்டும் ஏன் எங்கயோ தூரத்துல கேக்குதுன்னா, மேளக்காரங்க சரியா சாப்பிடல.

ஊர்வலத்துல நான்தான் முன்னாடி, ஸ்கூட்டர்ல. கேமரா முன்னாடி பாக்குது, காருங்க எல்லாம் பின்னாடி வருது, அதனால முதல் பாதி முழுக்க வெறும் ரோடுதான் விழுந்திருக்கு. காரப் படம் பிடிக்கலாம்னு தலையத் திருப்பினா தலையோட சேந்து ஸ்கூட்டரும் திரும்புது. தொங்குபாலத்து மேல ரெண்டு தடவை யமீனாவ விதவையாக்கப் பாத்தேன். பாலத்தத் தாண்டினதும் ஹெல்மெட் கண்ணாடியில உள்பக்கம் பனி மூடிருச்சு. மூச்சுக் காத்துதான், வேற ஒண்ணும் இல்ல. கண்ணாடியத் தூக்கிவிட்டிருக்கலாமேன்னு கேப்பீங்க. தூக்கினா தூசி விழும், தூசி விழுந்தா கண்ணு கலங்கும், பாக்குறவங்க தப்பா நினைப்பாங்க. சதுக்கத்தச் சுத்திட்டு மாப்பிள்ளை வீட்டுக்கு இடது பக்கம் திரும்பணும். நான் என்னத்தக் கண்டேன், ஸ்கூட்டர் பழக்க தோஷத்துல வலது பக்கம் திரும்பிருச்சு. முன்னாடி போற வண்டி கிணத்துக்குள்ள போனாலும் நம்ம ஊர்க்காரங்க ஹாரன் அடிச்சுக்கிட்டே பின்னால வருவாங்க, ஒருத்தன் வழி கேக்க மாட்டான். அத்தனை வண்டியும் வந்துச்சு. நான் ஸ்கூட்டர நிறுத்திக் கண்ணாடியத் தொடைச்சுப் பாத்தா, எதிர்ல நம்ம வீட்டுப் பச்சைக் கதவு. யமீனா விளக்குமாறும் கையுமா நிக்கிறா.

கல்யாணப் பொண்ணு கிளம்பின அன்னைக்கே பிறந்த வீட்டு வாசல்ல வந்து நின்னா என்ன சகுனம்னு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்ல. வர்தா அம்மா கார்லேருந்து இறங்கி, கல்யாணத்தன்னைக்கே பொண்ணத் திருப்பிக் கொண்டாந்து விட்ட தகப்பன இப்பத்தான் பாக்குறேன்னாங்க. மாப்பிள்ளை பாவம், சிரிக்கவா வேண்டாமான்னு தெரியாம உக்காந்திருந்தாரு. யமீனாதான் சமாளிச்சா. பன்னீர்ச் செம்பத் தூக்கிட்டு ஓடிவந்து எல்லாக் கார் மேலயும் தெளிச்சு, இது இன்னொரு தடவை வாழ்த்தி அனுப்பத்தான் வரச் சொன்னதுன்னு வாய் கூசாம ஒரு பொய்யச் சொன்னா. உங்க தங்கச்சி இல்லன்னா நான் அன்னைக்கு ஊர விட்டே ஓடியிருக்கணும்.

அப்பத்தான் நர்ஜிஸ் கார்க் கண்ணாடிய இறக்கி என்னைக் கூப்பிட்டா. பக்கத்துல போனேன்.

"அப்பா, அந்தக் குடத்தக் கழட்டுங்க. உங்க முகத்த ஒரு தடவை பாத்துட்டுப் போறேன்."

"வார்ல பசை ஒட்டிக்கிச்சும்மா. கழட்ட வராது."

"சரிப்பா. மாமாவோட படம் கெட்டுடும்ல" அப்படின்னு சொல்லிட்டுக் கண்ணாடிய ஏத்திக்கிட்டா. கார் போயிருச்சு.

அன்னையிலேருந்து போன் பண்ணா அம்மாகிட்டதான் பேசுறா. அப்பா சாப்பிட்டாரான்னு கேக்குறதோட சரி. நான் போன வாங்கினா, வேலை இருக்குப்பாங்கிறா. புதுப் பொண்ணுக்கு என்ன வேலை? யமீனாவத் துருவித் துருவிக் கேட்டதுல, "நான் போனது அப்பாவுக்கு ஒரு விஷயமாவே படலம்மா, கண்ணுல ஒரு சொட்டுத் தண்ணி இல்ல"ன்னு சொல்லி அழுதாளாம். இந்த அநியாயத்த நீங்களே பாருங்க மச்சான். மார்செய்ல ஒரு காபிக்கடையே நான் அழுதேன்னு சிரிக்குது, நான் பெத்த பொண்ணு நான் அழலன்னு அழுவுது. ரெண்டு பேருக்கும் நடுவுல நான் முழிச்சுக்கிட்டு நிக்கிறேன். அவகிட்ட எப்படிப் பேசுறதுன்னு எனக்குத் தெரியல. ராத்திரி சாப்பாடு இறங்க மாட்டேங்குது. இதுல ஊர் சிரிப்பும் சேர்ந்தா நான் தாங்க மாட்டேன், அதனாலதான் அந்தச் சத்தத்த எடுத்துருங்கன்னு கேக்குறேன்.

ஆகவே மச்சான் அவர்களே, மேற்படி காரணங்களை முன்னிட்டு, அது காற்றே என்று தாங்கள் காபிக்கடையில் அனைவர் முன்னிலையிலும் அறிவிக்கும்படி மீண்டும் கேட்டுக்கொள்கிறேன். அக்காவுக்கும் பிள்ளைகளுக்கும் பேரக்குழந்தைகளுக்கும் எங்கள் ஸலாம். தங்கள் முதுகெலும்பு ஒவ்வொன்றும் அதனதன் இடத்தில் உறுதியாக நிற்கவும், அடுத்த கோடையில் தாங்கள் நேரில் வந்து நம் வீட்டு மேசையில் குஸ்குஸ் சாப்பிடவும் இறைவனை இறைஞ்சுகிறேன்.

தங்கள் அன்பும் பணிவும் மறவாத,
லக்தர்

பி.கு.: உறையை ஒட்டுவதற்குள் நர்ஜிஸ் வந்துவிட்டாள். இன்று ஏழாம் நாள், பிறந்த வீட்டுக்கு வரும் நாள் என்பதே எனக்கு மறந்துபோயிற்று. நீங்கள் யமீனாவின் போனுக்கு அனுப்பியிருந்த படத் துண்டை அவள் சமையல்கட்டில் வைத்து அவளுக்குப் போட்டுக் காட்டியிருக்கிறாள். கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கும் கேட்டது. நன்றாகவே கேட்டது. எழுந்து வெளியே போய்விடலாமா என்று செருப்பைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தேன். படம் முடிந்தது. பிறகு நர்ஜிஸ் வந்து என் பக்கத்தில் உட்கார்ந்து, என் தோளில் தலையை வைத்து, "காத்து இன்னும் அடிக்குதாப்பா?" என்று கேட்டாள். கொஞ்சம் அடிக்குது என்றேன். தலையில் ஒன்றும் மாட்டியிருக்கவில்லை, முகத்தை மறைக்க வழியில்லை. நிதானமாகப் பார்த்துக்கொண்டாள்.

சத்தத்தை எடுக்க வேண்டாம், மச்சான். முழுப் படத்தில் ஒரு காப்பி அவளுக்கு வேண்டுமாம், அப்படியே அனுப்பிவையுங்கள். கடிதத்தைத் திரும்ப எழுதப் பொறுமை இல்லை. மேலே காற்று என்று போட்டிருக்கும் இடங்களை எல்லாம் நீங்களே திருத்திப் படித்துக்கொள்ளுங்கள்.