ரொட்டிப் பெட்டிக்கு ஒரு சுருள் கதவு

இனிமேல் என் ரொட்டியை நான்தான் தின்பேன் என்று முடிவெடுத்தேன். நாட்டுக்கு விடுதலை கேட்டவர்கள்கூட அப்படிப் பல்லைக் கடித்திருக்க மாட்டார்கள்.

கம்பத்தில் ஒரு வாழைக்காய்க் குளிர்கிடங்கில் எனக்கு ராத்திரி வேலை. மிஷின் ஓடுகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஓடினால் ஞானசிகாமணி என்று ஒருவன் இருப்பதே யாருக்கும் தெரியாது. நின்றால் முதலாளி வீட்டு நாய்க்குக்கூடத் தெரியும். விடிந்து எங்கள் ஊர் ராயப்பன்பட்டிக்கு வரும்போது பேக்கரியில் ஒரு ரொட்டி வாங்கிவந்து அலமாரியில் வைத்துவிட்டுப் படுப்பேன். எழுந்ததும் கடுங்காப்பியில் நனைத்துத் தின்பேன். கண்விழித்தே புண்ணாகிப்போன வயிறு, வேறெதுவும் ஒத்துக்கொள்ளாது. அந்த வீட்டில் எனக்கென்று இருந்தது அந்த ரொட்டி ஒன்றுதான். மற்றதெல்லாம் பகலில் விழித்திருப்பவர்களுடையது.

ஆனால் நான் எழுந்து பார்க்கும்போது ஓரத்துண்டு இரண்டும்தான் கிடக்கும். நடுவில் இருந்ததெல்லாம் என் மச்சினன் ஜேசுராஜுக்குள் போயிருக்கும். ஈஸ்டருக்கு வந்தவன் அவன். ‘ரெண்டு நாள் இருந்துட்டுப் போறேன்’ என்றான். எந்த ரெண்டு நாள் என்று இன்னும் சொல்லவில்லை.

“அனிதா மேரி, உன் தம்பி இன்னைக்கும் தின்னுட்டான்.”

“பச்சப் புள்ள. பசிச்சிருக்கும்.”

“பச்சப் புள்ளைக்குத் தாடியில நரை தெரியுது.”

“அது கவலையில வந்த நரைங்க. வேலை கெடைக்கலேல்ல.”

“தேடுனாத்தான கெடைக்கும்?”

“ரெண்டு துண்டு மிச்சம் வச்சிருக்கான்ல? மனசுல உங்க நெனப்பு இருக்கப்போயித்தான வச்சிருக்கான்?”

இவளோடு பேசி ஜெயித்தவன் எங்கள் ஊரில் இல்லை. கல்லறையில் இருக்கலாம்.

வேலைக்கு நடுவே போனில் ஒரு படம் பார்த்தேன். வெள்ளைக்காரன் ஒருவன் மரத்தில் ரொட்டிப் பெட்டி செய்கிறான். கடை ஷட்டர் மாதிரி மேலே சுருண்டு ஏறும் கதவு. பெஞ்சாதி பக்கத்தில் நின்று அவனைப் பார்த்துச் சிரிக்கிறாள். மரம் இங்கேயும் கிடைக்கும். அந்தச் சிரிப்புக்கு எங்கே போவது?

கமிஷன் கடை ஓரத்தில் கிடந்த பழைய திராட்சைப் பெட்டிகளைக் கேட்டு வாங்கினேன். பலகையை விரல் அகலப் பட்டைகளாக அறுத்தேன். பட்டைகளை வரிசையாக அடுக்கிப் பின்பக்கம் காடாத் துணியை ஒட்டினேன். இரண்டு பக்கப் பலகையிலும் வளைவாகக் காடி வெட்டிப் பள்ளமாக்கினேன். பட்டைகளின் நுனி அதற்குள் ஓடினால் கதவு சுருண்டு ஏறும். எல்லாவற்றுக்கும் மேல், அடியில் யாருக்கும் தெரியாமல் ஒரு மரமுளை. அதைத் தள்ளினால்தான் கதவு அசையும். ஜேசுராஜ் மண்டியிட்டு அழுதாலும் அசையாது.

ஆச்சரியம் என்னவென்றால், அனிதா மேரி முக்காலியைப் போட்டு என் பக்கத்தில் உட்கார ஆரம்பித்தாள்.

“உயரம் பத்தாதுங்க. ஒரு சாண் கூட்டுங்க.”

“ரொட்டி என்ன நின்னுக்கிட்டா இருக்கப்போகுது?”

“காத்து வேணும்ல? பூஞ்சை புடிச்சிரும்.”

நியாயமாகத்தான் இருந்தது. கூட்டினேன்.

“மேல வளைவா வைங்க. பாக்க லட்சணமா இருக்கும்.”

வைத்தேன்.

“உள்ளுக்குள்ள நீலப் பெயிண்டு அடிங்க. நீலத்துக்கு ஈ வராதாம்.”

“யாரு சொன்னது?”

“ஈயா வந்து சொல்லும்? அடிங்க.”

அடித்தேன். கதவு இறுகியபோது அவளே மெழுகுவர்த்தித் துண்டு கொண்டுவந்து காடியில் தேய்த்தாள். வெண்ணெயாக வழுக்கியது. அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள். நான் கொஞ்ச நேரம் வெள்ளைக்காரனாக இருந்தேன்.

பெட்டி வேலை முடிந்த அன்று காலையில், புது ரொட்டியை உள்ளே வைத்து, கதவை இழுத்து மூடி, முளையை இறுக்கிவிட்டுப் படுத்தேன். அப்படி ஒரு தூக்கம் எனக்குச் சமீபத்தில் வாய்த்ததில்லை.

“அருள் நிறைந்த மரியே” என்று தெருவே என் தலைமாட்டில் பாடுவது கேட்டு எழுந்தேன். அக்டோபர் மாதம். மாதா சுரூபத்தை வீடு வீடாகக் கொண்டுபோய் ஜெபமாலை சொல்லும் மாதம். இன்றைக்கு எங்கள் வீட்டு முறையாம். என்னிடம் சொல்லவில்லை. பகலில் தூங்குகிறவனிடம் யார் எதைச் சொல்கிறார்கள்?

கைலியை இறுக்கிக்கொண்டு வெளியே வந்தேன். நடுவீட்டில் மேசை. மேசைமேல் என் பெட்டி. சுற்றிலும் செவ்வந்தி மாலை. பக்கத்தில் மாதா சுரூபம் காத்திருந்தது. பங்குச் சாமியார் என்னைப் பார்த்து முகம் மலர்ந்தார்.

“ஞானசிகாமணி, நீயா செஞ்ச இத?”

“ஆமா சாமி.”

“எதுக்காகச் செஞ்ச?”

தெருவே என்னைப் பார்த்தது. மெழுகுவர்த்தியோடு நின்ற ஜேசுராஜும் பார்த்தான். மச்சினன் தின்னாமல் இருக்க என்று மாதாவுக்கு முன்னால் எப்படிச் சொல்ல?

“மாதாவுக்காகத்தான் சாமி.”

“நல்லாருப்ப. தொற பாப்போம்.”

“அவுகதான் தொறக்கணும் சாமி,” என்றாள் அனிதா மேரி. “சூட்சுமம் அவுகளுக்கு மட்டுந்தான் தெரியும்.”

அத்தனை பேர் பார்க்க, என் கையாலேயே முளையைத் தள்ளினேன். கதவு சுருண்டு ஏறியது. நீல மண்டபத்துக்குள் என் ரொட்டி தனியாக உட்கார்ந்திருந்தது.

“அட, ரொட்டி!” என்றார் சாமியார்.

“வந்தவுகளுக்குக் குடுக்க வாங்கி வச்சாக சாமி. அந்தோணியார் திருநாளுக்குக் குடுப்போம்ல, அந்த மாதிரி.” அவளுக்குக் கண்கூட இமைக்கவில்லை. “ஏலே ஜேசுராஜ், எடுத்துக் குடுரா.”

அவன் ஆளுக்கொரு துண்டு கொடுத்தான். தனக்கு இரண்டு. நான் கை நீட்டியபோது காலி உறையை மடித்துக்கொண்டிருந்தான். சாமியார் தீர்த்தம் தெளித்தார். “மந்திரிச்ச பெட்டி. இனி வேற காரியத்துக்கு எடுக்கக் கூடாது” என்றார். மாதாவை உள்ளே வைத்தார்கள். அளவு அச்சாகப் பொருந்தியது.

ஜேசுராஜ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வீட்டுக்குக் கிளம்பினான். வாசலில் நின்று, “மச்சான், முளைய எடது பக்கந்தான தள்ளணும்?” என்று கேட்டுக்கொண்டான்.

வீடு காலியானது. “ஏன்டி, இனிமே என் ரொட்டிய எங்கன வைக்க?” என்றேன்.

“தலகாணிக்கு அடியில வச்சுட்டுப் படுங்க. யாரு எடுப்பா?”

“இத மொதல்லயே சொல்லியிருக்கலாம்ல? ஒரு மாசமா தூக்கம் கெட்டு, விரல அறுத்துக்கிட்டு...”

கூட்டிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்தாள். “கல்யாணமாகி இத்தன வருசத்துல நீங்க பகல்ல முழிச்சு உக்காந்து எங்கூடப் பேசுனது இந்த ஒரு மாசந்தான். அத ஏன் கெடுக்கணும்னு இருந்தேன்.”

இத்தனை காலம் இந்த வீட்டில் நான் தேடியது ரொட்டியை இல்லையோ என்று தோன்றியது. பக்கத்தில் போய், “அனிதா மேரி...” என்றேன்.

“அதோட,” என்றாள், “மாதா பெட்டிக்குச் சொல்லி வச்சிருந்த ஆசாரி கேரளாவுக்கு வேலைக்குப் போயிட்டாக.”