மருமகளுக்கு ஒரு நீட்டுக் கார்

"எனக்கு ஒரு ஆளைத் தெரியும்" என்று யாராவது சொன்னால், உடனே எழும்பி ஓடிவிடுங்கள். லண்டனில் எங்கள் ஆட்களுக்குக் கூரை ஒழுகினாலும், பாஸ்போர்ட் தொலைந்தாலும், பிள்ளைக்குக் கல்யாணம் என்றாலும் இணையத்தில் தேடும் வழக்கம் இல்லை. அதெல்லாம் நாதியற்றவர்கள் செய்கிற வேலை. நமக்கென்று ஒரு ஆள் இருப்பார். அவருக்குத் தெரிந்த இன்னொரு ஆள் இருப்பார். அந்த இன்னொரு ஆளின் போன் அன்றைக்குப் பார்த்து வேலை செய்யாது. இவ்வளவு தெளிவாக நான் சொல்வதற்குக் காரணம், ஒரு காலத்தில் கிழக்கு லண்டனிலேயே அந்த வசனத்தை அதிகம் சொன்னவன் நான்தான்.

அப்போது எனக்கு இருபத்தாறு வயது. கணக்காளர் அலுவலகம் ஒன்றில் புதிதாக வேலை கிடைத்திருந்தது. கழுத்தில் எப்போதும் அலுவலக அடையாள அட்டை தொங்கும். (ஞாயிற்றுக்கிழமையும் தொங்கும். கோயிலுக்கும் அதோடுதான் போனேன்.) எதைக் கேட்டாலும் "தெரியாது" என்ற சொல் மட்டும் என் வாயில் வராது. தெரியாத விஷயமென்றால் இன்னும் கொஞ்சம் உரக்கக் கதைப்பேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

கிழக்கு லண்டனில் பார்க்கிங் என்ற ஊரில் இருக்கும் என் அக்காவின் மகள் ஆரணி அந்த வருடம் பள்ளியில் பதினோராம் வகுப்பு முடித்திருந்தாள். பரீட்சைகள் முடிந்ததும் 'ப்ரொம்' என்று ஒரு விருந்து வைப்பார்கள். பையன்கள் கோட்டும் பெண்கள் நீளக் கவுனுமாகப் போய் ஆடிவிட்டு வருவார்கள். ஆனால் ஆட்டமெல்லாம் பிறகுதான். பள்ளி வாசலில் யார் எந்த வாகனத்தில் வந்து இறங்குகிறார்கள் என்பதுதான் அங்கே உண்மையான பரீட்சை. வகுப்பில் மிதப்பாகத் திரியும் பெண்கள் சேர்ந்து ஒரு பார்ட்டி பஸ் பிடித்திருந்தார்கள். அதில் ஆரணிக்கும் அவளுடைய மூன்று சிநேகிதிகளுக்கும் இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். பிள்ளை இரண்டு நாளாகச் சாப்பிடவில்லை.

நண்டுக் கறி சாப்பிடுவதற்காக மட்டும் அந்த ஞாயிறு அங்கே போயிருந்த நான், சங்கதியைக் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

"உதுக்கோ அழுகிறாய்? எனக்கு ஒரு ஆளைத் தெரியும்."

"ஒன்லைனிலை பாத்து புக் பண்ணலாமே தம்பி?" என்றார் அத்தான். நான் அவரை இரக்கத்தோடு பார்த்தேன். அத்தோடு பேச்சு முடிந்தது.

"ப்ரொமிஸா மாமா?" என்றாள் ஆரணி. "வைட் லிமோ. நான் எல்லாருக்கும் சொல்லப்போறன்."

"போய்ச் சொல்லு. உன்ரை மாமா இருக்கிறன்."

ஆள் என்று நான் சொன்னது பக்கத்து ஊரான ஃபாரஸ்ட் கேட்டில் இருந்த குகன் அண்ணையை. எங்கள் ஆட்களின் விழாக்களுக்கு மணவறை, பூ, வாகனம் எல்லாம் கொடுப்பவர். அவரை எனக்கு எப்படித் தெரியும் என்றால், யாரோ ஒருவர் கல்யாணத்தில் சாப்பாட்டு வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர். அன்றிரவே போன் போட்டேன்.

"அண்ணை, என்ரை மருமகளுக்கு ஒரு நீட்டுக் கார் வேணும். வெள்ளை."

"அக்காவின்ரை பிள்ளையோ?"

"ஓம்."

"அப்ப நீங்கள் தாய்மாமன்!" அவர் குரலில் திடீரென்று ஒரு மரியாதை வந்தது. "வீட்டிலையிருந்து ஹோலுக்குத்தானே?"

"ஓம், ஹோலிலைதான் நடக்குது. கூட மூண்டு சிநேகிதப் பிள்ளையள்."

"தோழிப் பிள்ளையள். விளங்குது தம்பி, எனக்கு எல்லாம் விளங்கும். மற்றதெல்லாம் வழமைபோலையோ?"

இந்த இடத்தில் ஒரு சாதாரண மனிதன் "மற்றது என்றால் எது அண்ணை?" என்று கேட்டிருப்பான். எனக்கு அது கௌரவக் குறைவாகப் பட்டது. ஏதோ பத்துப் பதினைந்து ப்ரொம்களை முன்னின்று நடத்தியவன் மாதிரி, "ஓமோம், வழமைபோலத்தான். ஒரு குறையும் இருக்கக் கூடாது" என்றேன்.

"பேர், விலாசத்தோடை பிள்ளையின்ரை போட்டோ ஒண்டும் அனுப்பிவிடுங்கோ" என்றார். பாதுகாப்புக்காகக் கேட்கிறார், ஆள் மாறி ஏற்றிவிடக் கூடாதல்லவா என்று எனக்கு நானே விளக்கம் சொல்லிக்கொண்டேன். என் போனில் அவளுடைய படம் ஒன்றுதான் இருந்தது. ஏழு வயதில் எடுத்தது. முன் பல் இரண்டும் இல்லை, மூக்கு வரைக்கும் ஐஸ்கிறீம். அனுப்பினேன். (ஆளைக் கண்டுபிடிக்க முகம் இருந்தால் போதும்தானே?)

அந்த வெள்ளிக்கிழமை பின்னேரம் ஆரணி கடும் சிவப்புக் கவுனில் மாடியிலிருந்து இறங்கி வந்தபோது அக்காவுக்குக் கண் கலங்கிவிட்டது. சிநேகிதிகள் மூவரும் வந்திருந்தார்கள். அவர்களில் அமீனா என்ற பிள்ளைதான் வாயாடி. ஆறரைக்குப் பிறகு வருகிறவர்களை உள்ளே விடமாட்டோம் என்று பள்ளியில் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்கள். ஆறு மணியாகப் போகிற நேரத்தில் தெரு முனையில் ஹோர்ன் கேட்டது. எல்லோரும் வாசலுக்கு ஓடினோம்.

வெள்ளைக் கார்தான். நீட்டுக் கார்தான். அதில் நான் ஒரு பொய்யும் சொல்லவில்லை.

கூரை முழுவதும் செவ்வந்திப் பூ. முன்பக்கம் இரண்டு பிளாஸ்டிக் அன்னங்கள் கொஞ்சிக்கொண்டிருந்தன. ஒரு கரையிலிருந்து மறு கரை வரை ஒட்டியிருந்த பனரில் 'செல்வி ஆரணியின் பூப்புனித நீராட்டு விழா' என்று கொட்டை எழுத்து. பக்கத்தில் பல்லில்லாத ஆரணி, ஐஸ்கிறீமோடு. அதைவிட இரண்டு மடங்கு பெரிதாக, கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு கடற்கரையில் சாய்ந்து நிற்கும் நான். என் வாட்ஸ்அப் படத்தையே எடுத்துப் போட்டிருந்தார்கள். அதன் கீழே 'அன்புடன் வரவேற்கும் தாய்மாமன்' என்று இருந்தது.

கார்க் கதவு திறந்தது. நாதஸ்வரக்காரர் இறங்கினார். தவில்காரர் இறங்கினார். பட்டு வேட்டியோடு குகன் அண்ணை இறங்கி, பழமும் பலகாரமும் அடுக்கிய தட்டங்களை ஒவ்வொன்றாக வெளியே எடுத்தார்.

தாய்மாமன் போன் போட்டு, அக்காவின் பெண்பிள்ளைக்குக் கார் வேண்டும் என்று சொன்னால், அவர் அகராதியில் அதற்கு ஒரே அர்த்தம்தான். பிள்ளை பெரியவளாகிவிட்டாள், சாமத்தியவீடு. அந்த மனிதரை நான் எந்த வாயால் குறை சொல்வது?

"டேய்!" என்றாள் அக்கா. "இவளுக்குச் சாமத்தியவீடு செய்து முடிச்சு நாலு வருசமடா! நீதானேடா தேங்காய் உடைச்சனீ!"

முன்வீட்டு அன்ரி தன் வாசலில் நின்று பனரை முழுவதும் வாசித்து முடித்தார். "இவ்வளவு பெரிசாச் செய்யிறியள், எங்களுக்கு ஒரு சொல்லுச் சொல்லேல்லையே" என்று கதவை அடித்துச் சாத்தினார். அக்காவும் அவரும் பழையபடி முகம் கொடுத்துப் பேச அடுத்த தைப்பொங்கல் வரவேண்டியிருந்தது.

நான் பாய்ந்துபோய் பனரை இழுத்தேன். என் சட்டையின் முழங்கை மட்டும்தான் கொஞ்சம் கிழிந்தது.

"இழுக்காதேங்கோ தம்பி, பெயிண்டோடை வரும்" என்றார் குகன் அண்ணை. "மழைக்கும் அசையாத மாதிரி ஒட்டியிருக்கு. நீங்கள்தானே ஒரு குறையும் இருக்கக் கூடாது எண்டனீங்கள்?"

வாடகைக்கு மினிகாப் கேட்டால் முக்கால் மணித்தியாலம் என்றார்கள். அத்தானின் கார் கராஜில் கிடந்தது. வேறு வழியில்லை, ஏறினோம். காரின் ஒரு பக்கத்தில் கவுன் போட்ட நான்கு பெண்கள். எதிரே நாதஸ்வரம், தவில், மடியில் வாழைப்பழத் தட்டத்தோடு நான். மேளகாரர் இருவரும் எங்களை இறக்கிவிட்டு அதே காரில் இன்னொரு விழாவுக்குப் போக வேண்டியவர்கள். அமீனா மட்டும் உற்சாகமாக லட்டுச் சாப்பிட்டுக்கொண்டு வந்தாள்.

ஆரணி கண்ணாடிப் பக்கம் திரும்பி இருந்தாள். "மாமா, நான் எல்லாருக்கும் சொல்லிப்போட்டன்" என்று மட்டும், திரும்பாமலே, மெதுவாகச் சொன்னாள். அவள் கண் மை கரையத் தொடங்கியிருந்தது. அந்தப் பிள்ளைக்கு இருந்தது ஒரேயொரு பின்னேரம். அதை நம்பி என் கையில் தந்தாள். நான் அதில் பிளாஸ்டிக் அன்னத்தை ஒட்டிக் கொண்டுவந்திருக்கிறேன். உண்மையாகவே வெட்கமாக இருந்தது. கழுத்திலிருந்த அடையாள அட்டையைக் கழற்றிப் பொக்கற்றுக்குள் வைத்தேன்.

பள்ளி வாசலில் பெருங்கூட்டம். பார்ட்டி பஸ் பெண்கள் முன்வரிசையில் நின்றார்கள். 'ஒருவரும் பார்க்காமல் இறங்கி ஓடுங்கள்' என்று நான் சொல்ல வாயெடுத்தேன். ஆனால் எத்தனையோ வருடத் தொழில் பழக்கம் சும்மா விடுமா? கதவு திறந்த சத்தம் கேட்டதும் நாதஸ்வரம் பிளிறியது, தவில் அதிர்ந்தது. முழுப் பள்ளியும் திரும்பிப் பார்த்தது.

வாசலில் நின்ற கணக்கு வாத்தியார் மதுரைக்காரர். பனரை முழுவதும் வாசித்துவிட்டு, என் படத்தைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "என்னங்க, விசேஷத்தை ஸ்கூல்லயேவா வச்சிருக்கீங்க?" என்றார்.

அமீனா ஆரணியின் கையைப் பிடித்து, அத்தனை பேருக்கும் கேட்கும்படி ஆங்கிலத்தில் கேட்டாள். "அதில் என்னதான் எழுதியிருக்கிறது?"

ஆரணி பனரைப் பார்த்தாள். பிறகு வாத்தியாரைப் பார்த்தாள். கண்ணைத் துடைத்துக்கொண்டு, தலையை நிமிர்த்தி, அதே ஆங்கிலத்தில் சொன்னாள்.

"என்னுடைய மாமா ஒரு மடையன் என்று எழுதியிருக்கிறது."

"அதற்கு இவ்வளவு எழுத்தா?"

"பெரிய மடையன்."

அமீனா சந்தேகத்தோடு வாத்தியாரைத் திரும்பிப் பார்த்தாள். அந்தப் புண்ணியவான் என்னை மேலும் கீழும் ஒருமுறை பார்த்துவிட்டு, "மொழிபெயர்ப்பு மிகச் சரி" என்று அவரும் ஆங்கிலத்திலேயே சொன்னார்.

கூட்டம் வெடித்துச் சிரித்தது. ஆரணியும் சிரித்தாள். நான்கு பேரும் கைகோத்துக்கொண்டு, தவிலுக்குக் காலை எடுத்துவைத்து உள்ளே போனார்கள். பார்ட்டி பஸ் பெண்களில் ஒருத்தி ஓடிவந்து அன்னத்தோடு செல்ஃபி எடுத்தாள். அதற்குப் பிறகு ஆரணி ஆவணி பிறக்கும்வரை என்னோடு ஒரு வார்த்தை பேசவில்லை. பேசத் தொடங்கியதும் எல்லாம் மறந்துவிட்டாள் என்று நினைத்தேன். சொன்னேனே, எனக்கு எல்லாம் தெரியும்.

சில வருடங்களில் எனக்குக் கல்யாணம் சரிவந்தது. பெண் வீட்டார் சிங்கப்பூர்த் தமிழர்கள், விம்பிள்டனில் இருப்பவர்கள். மாப்பிள்ளைக் கார் ஒழுங்கு தன் பொறுப்பு என்று ஆரணி அடம்பிடித்து வாங்கிக்கொண்டாள். அன்று காலை வேட்டி, தலைப்பாகையோடு வாசலுக்கு வந்தேன். அதே வெள்ளைக் கார். அதே அன்னங்கள். 'செல்வன் மாமாவின் பூப்புனித நீராட்டு விழா' என்று அதே கொட்டை எழுத்தில். பக்கத்தில் பல் விழுந்த வயதில் நான், ஜட்டியோடு. கீழே 'அன்புடன் வரவேற்கும் மருமகள்' என்று கறுப்புக் கண்ணாடியில் ஆரணி. குகன் அண்ணை கதவைத் திறந்துவிட்டு, "ஏறுங்கோ தம்பி, எனக்கு எல்லாம் விளங்கும்" என்றார்.

மண்டப வாசலில் மாமனார் அந்தப் பனரை மூன்று தரம் வாசித்தார். என்னைத் தள்ளிக் கூட்டிப்போய், "மாப்பிள்ளை, இது உங்க பக்கத்துப் பழக்கமா?" என்று மெல்லிய குரலில் கேட்டார்.

அப்போதாவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். ஆனால் பழைய வாய் அல்லவா? "ஓம் மாமா, வழமைதான்" என்றேன்.

அவர் அதை இன்றுவரை நம்புகிறார். வீட்டுக்குப் புதிதாக யார் வந்தாலும் கல்யாண அல்பத்தின் முதல் பக்கத்தைத் திறந்து, "யாழ்ப்பாணத்துல ஆம்பளைங்களுக்கும் சடங்கு செய்வாங்க, கல்யாணத்தன்னிக்குக் காலைல" என்று பெருமையாக விளக்குகிறார். ஆரணி பக்கத்தில் இருந்தால், "ஓம், தாய்மாமன் கட்டாயம் நிக்கவேணும்" என்று தலையாட்டுகிறாள்.